பசிப்புல்லில் நின்றவள்

இது எனக்கே நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. பேய்க் கதை சொல்கிறவர்கள் வழக்கமாகக் கதைக்குள் தங்களுக்கு ஒரு நல்ல இடத்தை ஒதுக்கிக்கொள்வார்கள். தைரியமாக நின்றேன், ஜெபம் சொன்னேன், அது ஓடிவிட்டது என்பார்கள். எனக்கு இதில் அப்படி ஒரு இடமும் கிடையாது. பொய் சொல்வதென்றால் இதைவிட மரியாதையான பொய்யாகவே சொல்லியிருப்பேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. என் பிழைப்பே அதுதான்.

நாக்பான் மலைக்கு வருகிறவர்களை மேலே கூட்டிப் போய், கதை சொல்லி, பத்திரமாகக் கீழே இறக்கிவிடுவது என் வேலை. மலையின் பெயரை மாற்றியிருக்கிறேன். இன்னமும் அந்த ஊர்க் கடையில்தான் நான் பால் வாங்கியாக வேண்டும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் இப்படிப்பட்ட மலைகள் நிறைய இருக்கின்றன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஊர், தலையில் ஒரு பெரிய கற்குவியல், அதற்குள் ஒரு ராணி. வடக்கே இருக்கும் எதிரிகளைப் பார்த்தபடி, கையில் ஈட்டியோடு, அவளை நின்ற கோலத்திலேயே புதைத்தார்களாம். கொஞ்சம் கீழே ஒரு கல் பலகை. கிழட்டுத் தளபதிக்கு நிச்சயித்த பெண் ஒரு இளைஞனோடு ஓடிப்போய், ஒரு ராத்திரி அதன் அடியில் படுத்திருந்தாளாம். இதை வைத்து இரண்டு வரியாவது எழுதாத கவிஞன் எங்கள் நாட்டில் கிடையாது. எந்த வரியை எந்தத் திருப்பத்தில் நின்று சொன்னால் கேட்கிற பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் என் கடையில் அதிகம் விற்ற சரக்கு ராணியும் இல்லை, காதலர்களும் இல்லை. பசிப்புல்.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சமதளம் இருக்கிறது. ஊரில் அதைத் தோள் என்போம். உருளைக்கிழங்கு அழுகிப்போன பஞ்ச வருடங்களில், நகரத்தில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேட்டுக் கடற்புறத்து ஜனங்கள் அந்த வழியாக மலையைக் கடந்தார்கள். கடக்க முடியாதவர்கள் தோளிலேயே படுத்துவிட்டார்கள். எடுத்துப் புதைக்க ஆள் இல்லை. அவர்கள்மேல் முளைத்த புல்தான் பசிப்புல். அதில் கால் வைத்தால், எவ்வளவு தின்றவனுக்கும் உயிர்போகிற பசி வரும். கையில் ஒரு துண்டு ரொட்டி இருந்தால் பிழைக்கலாம். அதனால் எங்கள் ஊரில் மலை ஏறுகிற யாரும் வெறும் பையோடு ஏற மாட்டார்கள். தோளில் உட்கார்ந்து எதைத் தின்றாலும் முதல் துணுக்கைக் கிள்ளிப் புல்லில் போட்டுவிட்டுத்தான் தின்பார்கள். இதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பக்கத்து வீட்டு மலாக்கியின் ஆடுகள் அங்கேதான் மேயும். அவன் வேறு எதையோ பார்த்துக்கொண்டே கிள்ளிப் போடுவான்.

நான் அதை நாடகமாக்கினேன். கூட்டத்தைத் தோளில் நிறுத்துவேன். பஞ்சத்தைச் சொல்லிக் குரலை இறக்குவேன். செத்தவர்களின் வாயெல்லாம் பச்சையாக இருந்ததாம், புல்லைத் தின்று பார்த்திருக்கிறார்கள் என்பேன். எல்லோரும் தரையைப் பார்க்க ஆரம்பித்ததும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு 'ஐயோ' என்று மண்டியிடுவேன். சட்டைப்பையிலிருந்து ரொட்டியை எடுத்து, கண் பிதுங்க, லபக் லபக்கென்று தின்பேன். சிரித்துக் கை தட்டுவார்கள். முடியும்போது சில்லறை விழும்.

ரொட்டி என் மனைவி அட்ராக்டா சுட்டது. கனமான சோடா ரொட்டி, மேலே வெண்ணெய். அந்த இடத்தில் இப்படிக் கூத்தடிக்காதே என்று அவள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை என்றானதும், போகட்டும், முதல் துணுக்கையாவது புல்லில் போடு என்றாள். சரி என்றேன். போட்டதில்லை. கொள்கை எதுவும் காரணமில்லை. வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கிள்ளித் தரையில் போட மனசு வரவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள். வீட்டிலும் தட்டில் கடைசியாகக் கிடக்கும் உருளைக்கிழங்கு என்னுடையது. அவள் அதைச் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பாள். அப்படியே வருடக்கணக்கில் ஓடிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஸ்டீபன் நாள். அன்றைக்கு ஊரே மலை ஏறும். ஆளுக்கு ஒரு கல்லைக் கீழேயிருந்து தூக்கிப்போய் ராணியின் குவியலில் போட வேண்டும். முந்தின நாள் வான்கோழியும், பன்றித் தொடையும், விஸ்கி ஊற்றிக் கொளுத்திய புட்டிங்கும் தின்று எல்லோருக்கும் மூச்சு வாங்கும். நான் அன்று மத்தியானமும் மிச்சம் வைக்காமல் தின்றிருந்தேன். கால்சட்டையின் மேல் பொத்தான் போடவில்லை. புறப்படும்போது அட்ராக்டா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி, என் பையில் ஒரு துண்டு, தன் பையில் ஒரு துண்டு வைத்தாள்.

"இதெதுக்கு, வயிறு வெடிக்குது" என்றேன்.

"அது உனக்குன்னு யார் சொன்னா?" என்றாள்.

உச்சியில் பாஸ்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம் மாட்டியது. தாத்தாவின் ஊரைப் பார்க்க வந்தவர்கள். வேறென்ன வேண்டும் எனக்கு? ராணியை ஆரம்பித்தேன். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கல்லைப் போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அட்ராக்டா என் கையைப் பிடித்து இழுத்தாள். குளிர்கிறது, அவர்களும் நடுங்குகிறார்கள், விட்டுவிடு என்றாள். அவள் கை சில்லென்றுதான் இருந்தது. நான் காதலர்கள் கதைக்கு வந்திருந்தேன். பாதியில் நிறுத்த முடியுமா? நீ மலாக்கியோடு போ, பின்னாலேயே வருகிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பச்சைக் கோட்டின் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு போனாள்.

பாஸ்டன்காரர்கள் தங்கள் கார் கடற்புறத்தில் நின்றதால் அந்தப் பக்கமாக இறங்கினார்கள். அவர்களுடைய பேச்சு தேய்ந்து மறைந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு பத்து. சூரியன் விழுந்துகொண்டிருந்தது. மலையில் நான் மட்டும்.

கடலிலிருந்து மூடுபனி ஏறியது.

எனக்குப் பயமில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் இறங்குவேன். காற்று நின்றிருந்தது. கீழே அலைச் சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை. என் பூட்ஸ் சேற்றில் சப்... சப்... என்று பதியும் சத்தம் மட்டும். தோளுக்கு வரும்போது பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

பாதையை விட்டுச் சற்றுத் தள்ளி, புல்லில், யாரோ நின்றார்கள்.

பச்சைக் கோட்டு.

"அட்ராக்டா?"

அவள்தான். எனக்காகக் காத்திருக்கிறாள் என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி, திட்டு விழப்போகிறது என்று தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். திட்டு விழவில்லை. அவள் பாதைக்கு வந்து என் பக்கத்தில் நடந்தாள். மலாக்கி எங்கே என்று கேட்டேன். அவள் என் பக்கம் திரும்பாமல் நடந்தாள். கோபம் என்று நினைத்தேன். நியாயமான கோபம்தான். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் ஒன்று உறைத்தது. சேற்றில் ஒரு ஜோடிக் காலடிதான் கேட்கிறது.

என்னுடையது.

நின்றேன். அவளும் நின்றாள். என் தொப்பியிலிருந்து, மீசையிலிருந்து, பனி சொட்டுச் சொட்டாக விழுகிறது. அவள் கோட்டில் ஒரு துளி இல்லை. என் மூச்சு வாயிலிருந்து புகையாகப் போகிறது. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. புகை இல்லை.

அதைச் சரியாக யோசித்துப் பார்ப்பதற்குள் பசி வந்தது.

வந்தது என்று சொல்வது சரியில்லை. யாரோ உள்ளேயிருந்து குடலைக் கைப்பிடியாகப் பிடித்து உருவியது மாதிரி. மத்தியானம் தின்றதெல்லாம் எங்கே போயிற்று? கண் இருட்டியது. வாயில் எச்சில்கூட இல்லை. இத்தனை வருடம் சில்லறைக்காக மண்டியிட்ட அதே புல்லில் நிஜமாக மண்டியிட்டேன்.

ரொட்டி.

பையில் கையை விட்டேன். காகிதத்தைப் பிரிக்கக்கூட முடியவில்லை. பல்லால் கிழித்தேன்.

"ஃபெர்கல்..."

அவள் குரல்தான். ஆனால் மெல்ல. ரொம்ப மெல்ல.

"பசிக்குது."

நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒரு வாய் குடு. ஒரு வாய் போதும்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவி கேட்டு வாங்குகிறவள் இல்லை. வேண்டுமென்றால் என் பையில் கையை விட்டு எடுத்துக்கொள்வாள். அது எனக்குத் தெரியும். அவள் நீட்டிய கையைப் பார்த்தேன். கல்யாண மோதிரம் விரலில் நழுவி, நகம் வரை வந்து நின்றது. அட்ராக்டாவின் மோதிரம் சோப்புப் போட்டாலும் கழலாது. அதுவும் எனக்குத் தெரியும்.

இப்போது இதையெல்லாம் சொல்லி, அது அவள் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும் என்று தப்பித்துக்கொள்ளலாம். தெரியாது. அந்தக் கணத்தில் அவளை என் மனைவி என்றுதான் நினைத்தேன். என் மனைவி பசியில் கை நீட்டி நிற்கிறாள் என்று முழுசாக நம்பினேன்.

நம்பிக்கொண்டே திரும்பினேன்.

அவளுக்கு முதுகைக் காட்டி... ரொட்டியை நெஞ்சோடு அணைத்து... தின்றேன்.

மென்றதுகூட இல்லை. விழுங்கினேன். தொண்டை அடைத்தது. அப்படியும் விழுங்கினேன். பின்னால் அந்தக் குரல் இன்னொரு முறை கேட்டது.

"ஒரு வாய்..."

காகிதத்தில் ஒட்டிய வெண்ணெயை நக்கினேன். கோட்டில் விழுந்த பொடியை விரலில் ஒற்றி எடுத்து வாயில் வைத்தேன். அதன் பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"தீந்துபோச்சு" என்றேன்.

"சரி."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமில்லை. அழுகையில்லை. தெரிந்த பதிலைக் கேட்டது மாதிரி.

திரும்பினேன்.

யாருமில்லை.

"அட்ராக்டா!"

மூடுபனி.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. சரக்... சரக்... புல்லைப் பல்லால் பிய்க்கிற சத்தம். முதலில் ஒரு பக்கம். பிறகு என் இடது கைப் பக்கம். பிறகு பின்னால். சுற்றிலும்.

மலாக்கியின் ஆடுகள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் ஆடு ஒன்றாவது கத்தாதா?

சரக்... சரக்...

ஒரு ஆடாவது இருமாதா?

ஓடினேன்.

பாதையோரக் கல்சுவரைக் கையால் தடவிக்கொண்டே ஓடினேன். விழுந்தேன். எழுந்து ஓடினேன். அவள் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினேன். பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. அவள் பார்த்துவிட்டாள். இத்தனை வருடம் நான் எப்படிப்பட்டவன் என்று சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தவள் இன்று கண்ணால் பார்த்துவிட்டாள். கோபித்துக்கொண்டு பனிக்குள் தனியாக இறங்கிப் போய்விட்டாள். இனி எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் போவது? ஓடும்போதே சாக்கு தேடினேன். மயக்கத்தில் இருந்தேன் என்று சொல்லலாமா? அவள் கேட்டது காதில் விழவில்லை என்று சொல்லலாமா? ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தேன். கேவலமாக இருந்தது. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று கடைசியில் முடிவு செய்தேன். அந்த முடிவு அப்போது நிஜமானதுதான்.

அடிவாரத்து இரும்புக் கதவு. மலாக்கியின் கார் விளக்கு எரிந்தது. மணி நான்கு ஐம்பது.

அட்ராக்டா காரின் திறந்த கதவில் உட்கார்ந்திருந்தாள். தோளில் மலாக்கியின் கம்பளி. முகம் வெளுத்திருந்தது. இரண்டு கையாலும் தேநீர்க் குவளையைப் பிடித்திருந்தாள். பிஸ்கட் தூள் மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

நான் எதிர்பார்க்காதது அந்தச் சிரிப்புதான். அதிலேயே உடைந்துவிட்டேன். அவள் முன்னால் போய் நின்று ஆரம்பித்தேன்.

"அட்ராக்டா... மேல நான் பண்ணினது..."

"ரொட்டி பத்துச்சா உனக்கு?" என்றாள்.

குத்துகிறாள் என்று நினைத்தேன். தலையைத் தொங்கப்போட்டேன்.

மலாக்கி கையால் மெல்லிசாகச் சுருட்டிய சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னான்: "என்னய்யா கதைக்காரரே, காலுல சக்கரமா? இப்பத்தான் பொண்டாட்டி கையில ரொட்டிய வாங்கிட்டு மேல ஏறின. அதுக்குள்ள திரும்பிட்ட. நீ இவ்ளோ வேகமா நடந்து நான் பாத்ததே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

அவனும் என்னைப் பார்த்திருக்கிறான். அடிவாரத்துச் சுவரோரம், முள்மரத்தடியில், அட்ராக்டா நின்றிருந்தாளாம். அவன் காரிலிருந்து குடுவையை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, என் முதுகு பனிக்குள் மேலே போனதாம். என் தொப்பி. என் கோட்டு.

ஆடுகளைத் தோளில் விட்டு வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"கிறிஸ்துமஸுக்கு முந்தியே கொட்டகைக்கு ஓட்டிட்டேனே" என்றான் மலாக்கி. "மேல புல்லத் தவிர ஒண்ணுமில்ல."

அந்த நேரம் எனக்கு மயிர் கூச்செறிந்திருக்க வேண்டும். கால் நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கியது, பிறகு. முதலில் வந்தது வேறு. என் மனைவி மேலே இல்லை. அவள் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியாது. அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது. வெந்நீரில் கால் வைத்தது மாதிரி ஒரு சுகம். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அந்தப் பெண்ணுருவத்தை நினைத்தால்கூட இவ்வளவு கூசவில்லை.

மன்னிப்பை விழுங்கினேன். ரொட்டியைப் போலவே அதுவும் இறங்கியது.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினோம். அட்ராக்டா மேசைக்கு எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பிறகு தானாகவே சொன்னாள்.

மலாக்கி காருக்குப் போனதும் அவளுக்குத் திடீரென்று பசி எடுத்திருக்கிறது. சாதாரணப் பசி இல்லை. முள்மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். ரொட்டியை எடுத்துக் கடிக்கப் போன நேரத்தில், பனிக்குள்ளிருந்து நான் வந்தேனாம்.

"உன் மொகத்தப் பாத்ததும் எனக்கு என் பசி மறந்துபோச்சு" என்றாள். "கன்னமெல்லாம் ஒட்டிப்போயி... ஒரு வாய் குடுன்னு கேட்ட. நீ கேட்டு நான் பாத்ததே இல்ல. முழுசாக் குடுத்துட்டேன்."

"நான்... தின்னேனா?"

"எங்க தின்ன? ஒரு துணுக்கு கிள்ளி நாக்குல வெச்சுக்கிட்ட. மீதியக் கோட்டுக்குள்ள வெச்சுக்கிட்ட. என்னய்யான்னு கேட்டா, மேல இன்னும் ஆளுங்க இருக்காங்க, பங்கு போடணும்னு சொல்லிட்டுப் போயிட்ட."

அவள் கண் கலங்கியிருந்தது. மேசைக்கு மேல் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். மோதிரம் விரலில் இறுக்கமாக இருந்தது.

"உனக்கு அப்படி ஒரு மனசு இருக்கும்னு நான் நெனச்சதே இல்ல, ஃபெர்கல். தப்பா நெனச்சிட்டேன்."

பாஸ்டன்காரர்களுக்காகத்தான் ரொட்டியோடு திரும்பி ஏறினேன் என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். மறு ஞாயிறு கோவிலில் நாலு பேரிடம் சொன்னாள். இன்று ஊரில் எனக்கு நல்ல பெயர். தோளில் நான் இப்போது கூத்தடிப்பதில்லை என்பதால் இன்னும் நல்ல பெயர். தெருவில் என்னைப் பார்த்துக் கிழவர்கள் தொப்பியைத் தொடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருக்கிறது.

ஆனால் அன்று அவள் இன்னும் முடிக்கவில்லை.

"உன் ரொட்டி என்னாச்சுன்னு கேட்டேன் இல்ல... அதுக்கு நீ சொன்னியே. அதான் மனசுக்குள்ளயே நிக்குது."

"என்ன சொன்னேன்?"

"என்கிட்ட ஏதுமில்ல, மேல ஒரு ஆள்கிட்ட இருந்துச்சு, ஒரு வாய் கேட்டேன்னு சொன்ன. முதுகக் காட்டித் திரும்பி நின்னு தின்னான்னு சொன்ன."

அடுப்பில் கட்டை வெடித்தது.

"யாரு அது?" என்றாள்.

அவள் கை இன்னும் என் கைமேல்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால்கூட...

"தெரியல" என்றேன். "யாரோ வெளியூர்க்காரன்."

"அவனுக்கும் வீட்டுல ஒரு பொண்டாட்டி இருப்பா, பாவம்" என்றாள் அட்ராக்டா.

எழுந்து போனாள். டப்பாவைத் திறந்தாள். ரொட்டியில் ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது. ஓரம் வரைக்கும் வெண்ணெய் தடவி, என் முன்னால் வைத்தாள்.

"தின்னு. மத்தியானத்துக்கப்புறம் நீ ஒண்ணுமே சாப்பிடல."

உனக்கு வேண்டாமா என்று கேட்டேன். எனக்கு வேண்டாம் என்றாள். எதிரில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அதையும் தின்றேன்.